ஐபி முகவரி ஒரு ரேஞ்சுக்குள் இருக்கிறதா? நிரலில் சரிபார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சர்வருக்குள் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று முடிவெடுக்கும் நிரல் எழுதும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும்: வந்திருக்கும் ஐபி முகவரி நான் சொன்ன ரேஞ்சுக்குள் அடங்குகிறதா? பார்க்க ஐந்து நிமிட வேலை. ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டு ஐந்து மாதம் கழித்து மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். என்னிடம் கேட்கப்பட்டவையும், நானே தடுமாறி நின்றவையும் கீழே.

எந்த மொழிக்காரருக்கும் பொருந்தட்டும் என்று நிரல் வரிகளைப் பொதுவான வடிவில் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ஐபிவி6 என்ற புதிய, நீளமான வகை முகவரிகளில் வரும் ஹெக்ஸ் (பதினாறின் அடிப்படை எண்முறை) எழுத்துகளையும் ஒலிக்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

முகவரி "192.168.1." என்று தொடங்குகிறதா என்று பார்த்தால் போதாதா?

சில சமயம் போதும். அந்தச் "சில சமயம்" எப்போது என்று தெரியாமல் போவதுதான் சிக்கல்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் உள் நிர்வாகப் பக்கம் ஒன்று இருந்தது. அலுவலக நெட்வொர்க் முழுவதும் 10.0.0.0/8, அதாவது 10. என்று தொடங்கும் எல்லா முகவரியும் (சாய்கோட்டின் கணக்கு கீழே வருகிறது). "10" என்று தொடங்கினால் உள்ளே விடு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். புள்ளியை விட்டுவிட்டேன். பல மாதம் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் லாக்கைப் புரட்டினால் 103-ல் தொடங்கும் வெளி முகவரிகள் ஜாலியாக உள்ளே வந்து போயிருக்கின்றன. 103.0.0.0/8 என்பது ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஏப்னிக் கையில் கடைசியாக வந்த பெரிய தொகுதி. 2011-லிருந்து அதைத் துண்டு துண்டாகவே பகிர்ந்தார்கள். அதனால் நம் ஊர்ச் சிறு இணையச் சேவையாளர்கள், கம்பெனிகள் பலரிடமும் 103 முகவரிதான் இருக்கும். அதாவது நான் திறந்துவைத்தது எங்கோ இருப்பவருக்கு இல்லை, பக்கத்துத் தெருக்காரருக்கு.

புள்ளியை மறக்காமல் போட்டாலும் ஸ்ட்ரிங் முறை தாங்குவது /8, /16, /24 என்ற மூன்று அளவுகளுக்கு மட்டும்தான். /20 என்று யாராவது கொடுத்தால் கதை கந்தல். தொடக்கமும் முடிவும் கொடுத்து நடுவில் இருக்கிறதா என்று ஸ்ட்ரிங்காகவே ஒப்பிட்டால் அதைவிட மோசம்: எழுத்து வரிசையில் "192.168.1.9" என்பது "192.168.1.10"-ஐ விடப் பெரியது.

பிறகு எப்படித்தான் ஒப்பிடுவது?

எண்ணாக மாற்றி. ஐபிவி4 முகவரி என்பது 32 பிட் கொண்ட ஒரே ஒரு எண். நாம் படிக்க வசதியாக அதை எட்டெட்டு பிட்டாக நறுக்கி நடுவில் புள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. மொத்தம் 4,29,49,67,296 முகவரிகள்.

192.168.1.10-ஐ எடுத்துக்கொள்வோம்:

192 × 1,67,77,216 + 168 × 65,536 + 1 × 256 + 10 = 323,22,35,786

192.168.1.0 இதே கணக்கில் 323,22,35,776. 192.168.1.255 என்பது 323,22,36,031. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, ஆகவே உள்ளே. பள்ளிக்கூடத்துப் பெரிது-சிறிது கணக்கு.

சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் /24, /20 எல்லாம் என்ன?

பின்கோடைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். 6-ல் தொடங்கினால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய வட்டாரம். 600 என்றால் சென்னை. முன்னால் எத்தனை இலக்கம் பொருந்த வேண்டும் என்று கூட்டக் கூட்ட இடம் சுருங்குகிறது. ஐபியில் இலக்கத்துக்குப் பதில் பிட். /24 என்றால் இடப்பக்கமிருந்து முதல் 24 பிட் அப்படியே இருக்க வேண்டும், மீதி 8 பிட் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். எனவே 256 முகவரிகள். /20 என்றால் மீதி 12 பிட், 4,096 முகவரிகள். எண் பெரிதானால் ரேஞ்ச் சிறிது. புதிதாக வருபவர்கள் இங்கேதான் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இந்த முறைக்கு சைடர் என்று பெயர். 1993-ல் வந்தது. அதற்கு முன் ஏ, பி, சி என்று மூன்று அளவுச் சட்டைகள்தான்: 256 போதாதா, 65,536 எடுத்துக்கொள் என்ற கதை. அந்தக் காலப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு "192-ல் தொடங்கினால் சி வகுப்பு, எனவே /24" என்று நிரல் எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். மாஸ்க், அதாவது முன்னால் எத்தனை பிட் பொருந்த வேண்டும் என்ற அளவு, எவ்வளவு என்பதை முகவரியைப் பார்த்து ஊகிக்க முடியாது. யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும்.

நிரலாக எழுதினால் எப்படி இருக்கும்?

முகவரி = எண்ணாக்கு("10.20.45.7")
வலை = எண்ணாக்கு("10.20.32.0")
நீளம் = 20
மாஸ்க் = 2^32 − 2^(32 − நீளம்)
உள்ளேயா = (முகவரி & மாஸ்க்) == (வலை & மாஸ்க்)

இங்கே ^ என்பது அடுக்கு, & என்பது பிட்டுக்குப் பிட் "மற்றும்". மாஸ்க் முதல் 20 பிட்டை வைத்துக்கொண்டு மீதியைச் சுழியமாக்கிவிடும். மிஞ்சுவது இரண்டும் ஒன்றா என்பதுதான் கேள்வி.

கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் மனதில் நிற்கும். /20-க்கு மாஸ்க் 255.255.240.0. முதல் இரண்டு பகுதி, 10-ம் 20-ம், அப்படியே ஒத்துப்போகின்றன. மூன்றாவதில்தான் விஷயம். 45 என்பது இருமத்தில் 00101101. 240 என்பது 11110000. இரண்டையும் & செய்தால் 00100000, அதாவது 32. வலையின் மூன்றாம் பகுதியும் 32. ஆகவே உள்ளே. அடுத்து 10.20.48.1 வந்தால்? 48 என்பது 00110000; 240-உடன் & செய்தால் 48-தான். 32 இல்லை, வெளியே. 10.20.32.0/20 என்பது 10.20.32.0 முதல் 10.20.47.255 வரை என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

கடைசி வரியில் வலையையும் மாஸ்க் செய்திருக்கிறேன், கவனியுங்கள். பலர் அதை விட்டுவிடுவார்கள். கான்ஃபிக் ஃபைலில் யாராவது 10.20.33.5/20 என்று எழுதிவிட்டால் அந்த நிரல் ஒரு முகவரியையும் ஏற்காது, பிழையும் காட்டாது. நள்ளிரவில் தேடுகிற வகைப் பிழை அது.

என்னிடம் சைடர் இல்லை, தொடக்கமும் முடிவும்தான் இருக்கின்றன.

இன்னும் எளிது. மூன்றையும் எண்ணாக்கி, தொடக்கம் <= முகவரி <= முடிவு என்று பாருங்கள். முடிவும் சேர்த்தியா என்பதை மட்டும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஐபி உலகில் சேர்த்தி என்பதே வழக்கம்.

ஃபயர்வால் சைடர் மட்டும்தான் வாங்கும் என்று அடம்பிடித்தால் ரேஞ்சை உடைக்க வேண்டும். 10.0.0.5 முதல் 10.0.0.20 வரை என்பது பதினாறே முகவரிதான், ஒரு /28-ல் அடங்கும் போலத் தோன்றும். ஆனால் சைடர் தொகுதி தன் அளவால் வகுபடும் இடத்தில்தான் தொடங்க முடியும். ஆகவே 10.0.0.5/32, 10.0.0.6/31, 10.0.0.8/29, 10.0.0.16/30, 10.0.0.20/32 என ஐந்து துண்டாகும். பைத்தானில் சம்மரைஸ்_அட்ரஸ்_ரேஞ்ச் என்ற ஃபங்ஷன் இதைச் செய்து கொடுக்கும்.

.0-ல் முடிவதும் .255-ல் முடிவதும் கணக்கில் சேருமா?

ரேஞ்சுக்குள் இருக்கிறதா என்ற கேள்விக்குச் சேரும். ஒரு கணினிக்குக் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. /20 போன்ற பெரிய வலையில் நடுவே வரும் 10.20.40.0, 10.20.40.255 இரண்டுமே சாதாரண முகவரிகள்தான். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கும் நிரல் தவறானது.

ஜாவாஸ்கிரிப்டில் எண் மைனஸில் வருகிறது. என்ன தவறு செய்தேன்?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் பிட் செயல்கள் எல்லாம் குறியுள்ள 32 பிட் எண்ணில் நடக்கும். அதில் முதல் பிட் 1 என்றால் எண் மைனஸ். 192 << 24 (192-ன் பிட்டுகளை இடப்பக்கம் 24 இடம் தள்ளும் ஷிஃப்ட்) போட்டுப் பாருங்கள்: −107,37,41,824 வரும். கடைசியில் >>> 0 என்று சேர்த்தால் குறி நீங்கிச் சரியான எண் கிடைக்கும். அல்லது ஷிஃப்டை விட்டுவிட்டுப் பெருக்கிக் கூட்டுங்கள். சாதாரண எண்ணாகவே இருக்கும், மைனஸ் வராது.

ஜாவாவிலும் இதே தலைவலி. அங்கே பைட்டே குறியுள்ளது. 192 என்பது −64 ஆகிவிடும். ஒவ்வொரு பைட்டையும் 255-உடன் & செய்து எடுத்தால் சரியாகும். பிஎச்பியின் ஐபி2லாங் 64 பிட் கணினியில் ஒழுங்காக இருக்கும், பழைய 32 பிட் கணினியில் மைனஸ் கொடுக்கும்.

இதில் நுட்பமான ஒன்று உண்டு. மாஸ்க் செய்து சமமா என்று பார்க்கும் முறைக்கு மைனஸ் எண் ஒரு பொருட்டே இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மைனஸாக இருக்கும் வரை. பெரிது-சிறிது என்று ஒப்பிடும் முறைதான் உடையும். தொடக்கம் 100.0.0.0, முடிவு 200.0.0.0 என்றால் தொடக்கம் கூட்டல் எண், முடிவு கழித்தல் எண். நடுவில் எதுவுமே அகப்படாது. 10, 192.168 என்று வீட்டு முகவரிகளை மட்டும் வைத்துச் சோதிப்பவர்களுக்கு இது வெளியே தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர்களுடைய ரேஞ்ச் 128.0.0.0 என்ற கோட்டைத் தாண்டுவதில்லை.

0.0.0.0/0 கொடுத்தால் எல்லாவற்றையும் ஏற்க வேண்டுமே, ஒன்றையும் ஏற்க மாட்டேன் என்கிறது?

மாஸ்கை −1 << (32 − நீளம்) என்று கணக்கிட்டிருப்பீர்கள். நீளம் 0 என்றால் 32 இடம் தள்ள வேண்டும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 32-ஐ 0 என்றே எடுத்துக்கொள்ளும். தள்ளாமல் அப்படியே விட்டுவிடும். ஆகவே /0 போய் /32 ஆகிவிடுகிறது. சி மொழியில் இப்படித் தள்ளினால் என்ன நடக்கும் என்பதற்கு விதியே இல்லை. கோ மொழியில் எதிர்பார்த்தபடி சுழியம் கிடைக்கும். நீளம் 0 என்றால் மாஸ்க் 0 என்று தனியாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இவ்வளவு பள்ளம் மேடு இருக்கிறதே, ரெடிமேடாக ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. வேலைக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. மேலே சொன்னதெல்லாம் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள.

பைத்தானில் 3.3-லிருந்து ஐபிஅட்ரஸ் மாட்யூல் கூடவே வருகிறது. முகவரியை ஐபி_அட்ரஸ் கொண்டும் வலையை ஐபி_நெட்வொர்க் கொண்டும் மாற்றி, நடுவில் "இன்" போட்டால் முடிந்தது. முகவரியை மாற்றாமல் வெறும் ஸ்ட்ரிங்காக வைத்து "இன்" போட்டால் பிழை வரும். கோ மொழியில் 1.18-ல் வந்த நெட்ஐபி தொகுப்பில் ப்ரீஃபிக்ஸுக்கு கன்டெய்ன்ஸ் உண்டு. பழைய நெட் தொகுப்பைவிட இது வேகம், மேப்புக்குச் சாவியாகவும் வைக்கலாம். நோடில் நெட் மாட்யூலுக்குள் பிளாக்லிஸ்ட் என்ற கிளாஸ் இருக்கிறது. பெயரைப் பார்த்துத் தடுக்க மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், அனுமதிப் பட்டியலுக்கும் அதுவே ஆகும். ரூபியில் ஐபிஅட்ர். டாட்நெட் 8-ல் ஐபிநெட்வொர்க் வந்துவிட்டது. பிஎச்பியில் கூடவே வருவது ஒன்றுமில்லை. சிம்ஃபோனியின் ஐபியூட்டில்ஸை எடுத்துக்கொள்ளலாம்.

ஜாவாவுக்கு ஓர் எச்சரிக்கை. இன்எட்அட்ரஸின் கெட்பைநேமுக்கு முகவரிக்குப் பதில் பெயர் ஒன்று வந்தால் அது பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கக் கிளம்பிவிடும். வெளியார் தரும் ஸ்ட்ரிங்கை அப்படியே அதனிடம் கொடுக்காதீர்கள்.

பைத்தான் "ஹோஸ்ட் பிட்ஸ் செட்" என்று பிழை காட்டுகிறது.

192.168.1.5/24 என்று கொடுத்திருப்பீர்கள். அது வலையின் பெயர் ஆகாது. வலைக்குள் இருக்கும் ஒரு வீட்டின் பெயர். ஸ்ட்ரிக்ட் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் அதுவே 192.168.1.0/24 என்று திருத்திக்கொள்ளும். ஆனால் கான்ஃபிக்கில் வருவதற்கு நான் அந்தப் பிழையை அப்படியே விடுவேன். /24 என்று எழுதியவர் உண்மையில் /32 என்று நினைத்திருக்கலாம். 256 பேருக்குக் கதவைத் திறப்பதைவிட ஒருமுறை கேட்டுவிடுவது மேல்.

010.0.0.1 என்பதும் 10.0.0.1 என்பதும் ஒன்றுதானே?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதுதான் ஆபத்து.

முன்னால் சுழியம் வந்தால் அதை எண்ம எண்ணாக, அதாவது எட்டின் அடிப்படையில் படிப்பது சி உலகின் பழைய வழக்கம். இன்எட்_ஏடான் என்ற சி ஃபங்ஷன் அப்படித்தான் படிக்கும்: 010 என்பது 8, ஆகவே 8.0.0.1. வேறு சில லைப்ரரிகள் சுழியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு 10.0.0.1 என்றே படிக்கும். சரிபார்ப்பவர் ஒரு மாதிரியும் இணைப்பவர் வேறு மாதிரியும் படித்தால் காவல்காரர் ஒருவரைப் பார்த்து அனுமதிக்க, உள்ளே போவது இன்னொருவர். 2021-ல் நோடின் நெட்மாஸ்க் என்ற பொதியில் இந்த ஓட்டை வெளிவந்தது. அதே ஆண்டு பைத்தானின் ஐபிஅட்ரஸிலும் இதே வகைக் குறை பதிவானது, 3.9.5-லிருந்து முன்சுழியம் இருந்தால் பிழை என்று தள்ளிவிடுகிறது. கோவும் 1.17-லிருந்து அப்படியே.

இதோடு நிற்பதில்லை. 127.1 என்று எழுதினாலும் பல இடங்களில் 127.0.0.1 என்றே போகும். வெறுமனே 2130706433 என்ற எண்ணும் அதே முகவரிதான். பிரவுசரின் முகவரிப் பட்டையும் இவற்றை ஏற்கும். நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 0 முதல் 255, முன்சுழியம் கூடாது: இதற்கு அடங்காத எதையும் திருத்தப் பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள். சரிபார்த்த பின் இணைப்புக்குப் பழைய ஸ்ட்ரிங்கைக் கொடுக்காமல், நீங்கள் பிரித்தெடுத்த முகவரியையே கொடுங்கள்.

ஐபிவி6-க்கும் இதே கணக்குதானா?

கணக்கு அதேதான், எண் 128 பிட். சாதாரண எண் வகையில் அடங்காது என்பதால் ஜாவாஸ்கிரிப்டில் பிக்இன்ட், ஜாவாவில் பிக்இன்டிஜர், பிஎச்பியில் இன்எட்_பிடான் தரும் 16 பைட்டை ஒவ்வொன்றாக ஒப்பிடுவது என்று போக வேண்டும். பைத்தானுக்கு எந்த எண்ணும் ஒரே எண்தான், கவலை இல்லை.

ஸ்ட்ரிங்காக ஒப்பிடும் ஆசை இங்கே அறவே கூடாது. 2001:டிபி8::1 என்பதும் 2001:0டிபி8:0:0:0:0:0:1 என்பதும் ஒரே முகவரி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறு. உள் நெட்வொர்க்குக்கான தொகுதி எஃப்சி00::/7. ஏழு பிட் என்பதால் எஃப்சி, எஃப்டி இரண்டில் தொடங்குவதும் அதற்குள் வரும். நடைமுறையில் பார்ப்பதெல்லாம் எஃப்டிதான். "எஃப்சி" என்று தொடங்குகிறதா என்று சோதித்த நிரல் நிஜத்தில் எதையும் பிடிக்காது.

எஃப்இ80-ல் தொடங்கும் முகவரிகளுக்குப் பின்னால் சதவீதக் குறி போட்டு நெட்வொர்க் கார்டின் பெயர் ஒட்டிக்கொண்டு வரலாம். பிரிப்பதற்கு முன் அதைக் கழற்றுங்கள்.

லோக்கலில் ஓடுகிறது, சர்வரில் போட்டால் எந்த ஐபிவி4 முகவரியும் பொருந்தவில்லை.

லாக்கில் முகவரி ::எஃப்எஃப்எஃப்எஃப்:192.168.1.5 என்று இருக்கிறதா பாருங்கள். சர்வர் இரண்டு வகைக்கும் சேர்த்து ஒரே சாக்கெட்டில் கேட்கும்போது ஐபிவி4-ல் வருபவர் இப்படி ஐபிவி6 உடை போட்டுக்கொண்டு வருவார். நோடில் தினசரிக் காட்சி இது. கோவின் நெட்ஐபியோ இதை ஐபிவி4 ப்ரீஃபிக்ஸோடு பொருத்தவே பொருத்தாது. முதலில் அன்மேப் செய்ய வேண்டும். பைத்தானில் முகவரியின் ஐபிவி4_மேப்டு என்ற பண்பைப் பாருங்கள். அங்கே வகை மாறினால் பிழை வராது, "இல்லை" என்ற பதில்தான் வரும்.

அனுமதிப் பட்டியலில் இது எரிச்சல், அவ்வளவே. தடைப் பட்டியலில் இது ஓட்டை: தடுக்க வேண்டியவர் உடை மாற்றிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

ப்ரைவேட் முகவரியா என்று மட்டும் தெரிந்தால் போதும் எனக்கு.

1996-ல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் உள் நெட்வொர்க்குகளுக்கென மூன்று தொகுதிகளை ஒதுக்கியது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. நடுவில் இருப்பதில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். அது 172.16 முதல் 172.31 வரைதான். "172." என்று தொடங்கினால் உள் முகவரி என்று எழுதினால் கூகுளின் 172.217 முகவரிகள்கூட உங்கள் வீட்டுக்காரர் ஆகிவிடும்.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது பெரும்பாலும் வேறு. பயனர் ஒரு சுட்டி தருகிறார், உங்கள் சர்வர் போய் அந்தப் பக்கத்தை எடுத்து வருகிறது. அது உள் கணினிகளைத் தொட்டுவிடக் கூடாது. அப்படியானால் மேலே சொன்ன மூன்றும் போதாது. 127.0.0.0/8 முழுவதும் உங்கள் கணினியேதான், 127.0.0.1 மட்டும் இல்லை. 169.254.0.0/16 வேண்டும், கிளவுட் சர்வர்களில் 169.254.169.254 என்ற முகவரியில்தான் சாவி முதற்கொண்டு விவரமெல்லாம் கிடைக்கும். 100.64.0.0/10 என்ற தொகுதி 2012-ல் இணையச் சேவையாளர்களின் "நாட்" அமைப்புக்காக (பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் முறை) ஒதுக்கப்பட்டது. பைத்தானின் ஈஸ்_ப்ரைவேட் அதை "இல்லை" என்கும், ஈஸ்_குளோபலும் "இல்லை" என்கும். எனவே ப்ரைவேட்டா என்று கேட்காமல் குளோபலா என்று கேட்டு, இல்லையென்றால் மறுப்பது நல்லது. ஐபிவி6-ல் ::1, எஃப்சி00::/7, எஃப்இ80::/10 ஆகியவையும் உண்டு.

சோதனையை எப்போது செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். பெயரை டிஎன்எஸ்ஸில் கேட்டு வந்த முகவரியைச் சரிபார்த்துவிட்டு, இணைக்கும்போது மறுபடி பெயரையே கொடுத்தால் இரண்டாம் முறை வேறு முகவரி வரக்கூடும். சரிபார்த்த முகவரிக்கே இணையுங்கள். ரீடைரக்ட் ஒவ்வொன்றுக்கும் மறுபடி முதலிலிருந்து.

ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே ஐபி வருகிறது.

அது ப்ராக்ஸியின் ஐபி, அதாவது உங்கள் சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் கணினியின் ஐபி. நிஜ முகவரி எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் இருக்கும். பலர் அதில் இடப்பக்கம் முதலில் இருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், "10.0.0.1" என்று ஒருவர் எழுதி அனுப்பினால் அதுதான் இடப்பக்கம் முதலில் நிற்கும். உங்கள் ரேஞ்ச் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை, பொய் சொன்ன முகவரியை அது சரியாகக் கணக்கிட்டு உள்ளே விடும்.

வலப்பக்கமிருந்து வாருங்கள். முதலில் உங்களோடு நேரடியாக இணைந்திருக்கும் முகவரி நம்பகமான ப்ராக்ஸிப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் ஹெடரின் கடைசி முகவரி; அதுவும் ப்ராக்ஸியா? அதற்கு முந்தையது. பட்டியலில் இல்லாத முதல் முகவரி எதுவோ அதுவே வந்தவர். என்ஜின்எக்ஸின் ரியல் ஐபி மாட்யூலில் ரிகர்சிவ் அமைப்பை ஆன் செய்தால் இதையே செய்யும். கிளவுட்ஃபிளேர், அமேசான் போன்றவர்கள் தங்கள் ரேஞ்சுகளை வெளியிடுகிறார்கள். அவை மாறும், ஒருமுறை நகலெடுத்து ஒட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள்.

டேட்டாபேஸிலேயே செய்யலாமா?

போஸ்ட்கிரெஸ் இதற்கென்றே பிறந்தது போல இருக்கும். இன்எட், சைடர் என்று இரண்டு வகை உண்டு. சைடர் வகை ஹோஸ்ட் பிட் இருந்தால் ஏற்காது. அடங்குகிறதா என்று பார்க்க <<= குறி. சமக்குறி இல்லாத << போட்டால் "கண்டிப்பாக உள்ளே" என்று பொருள். ஒரே ஒரு முகவரியை /32 என்று சேமித்திருந்தால் அது பொருந்தாது. ஜிஸ்ட் இண்டெக்ஸில் இன்எட்_ஆப்ஸ் போட்டால் பெரிய அட்டவணையிலும் தேடல் நகரும்.

மைஎஸ்க்யூஎல்லில் ஐபிவி4-க்கு இன்எட்_ஏடான் கொடுத்துக் குறியில்லாத 32 பிட் எண்ணாகச் சேமியுங்கள். இரண்டு வகையும் வேண்டுமென்றால் இன்எட்6_ஏடான், 16 பைட் வார்பைனரி. ஆனால் அது ஐபிவி4-க்கு 4 பைட்டும் ஐபிவி6-க்கு 16 பைட்டும் தரும். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் வைத்து பிட்வீன் போட்டால் வகை கலந்து தப்பான பொருத்தங்கள் வரும். நீளமும் சமமா என்று சேர்த்துக் கேளுங்கள்.

பத்தாயிரம் ரேஞ்ச் இருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எல்லாவற்றையும் சுற்றுவதா?

முதலில் அளந்து பாருங்கள். நூறு இருநூறு என்றால் சுற்றிவிட்டே போகலாம், ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரிங்கைப் பிரிக்காமல் தொடக்கத்திலேயே ஒருமுறை எண்ணாக்கி வைத்திருந்தால். பலருடைய நிரல் மெதுவாக இருப்பதற்குக் காரணம் ஒப்பீடு இல்லை, மறுபடி மறுபடி பிரிப்பது.

பத்தாயிரம் என்றால்: எல்லாவற்றையும் தொடக்கம்-முடிவு இணைகளாக்கி, தொடக்கத்தின்படி வரிசைப்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்று விழுவதையும் ஒட்டி நிற்பதையும் இணைத்துவிடுங்கள். பிறகு முகவரியைவிடப் பெரிதாகாத கடைசித் தொடக்கத்தை பைனரி தேடலில் கண்டுபிடித்து, அதன் முடிவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 14 ஒப்பீட்டில் வேலை முடியும். இணைக்காமல் விட்டால் மட்டும் ஏமாந்துபோவீர்கள்: ஒரு பெரிய ரேஞ்சுக்குள் சின்ன ரேஞ்ச் இருந்தால் தேடல் சின்னதில் போய் நின்று "வெளியே" என்று சொல்லிவிடும்.

எந்த ரேஞ்ச் பொருந்தியது என்பதும் வேண்டும், அதிலும் மிகக் குறுகியது வேண்டும் என்றால் இணைக்க முடியாது. அதற்கு டிரை என்ற மர அமைப்பு. லினக்ஸ் கெர்னல் பொட்டலங்களுக்கு வழி தேடுவதும் அதில் ஒரு வகையில்தான். எனக்குப் பிடித்த சோம்பேறி வழி ஒன்றும் உண்டு: நீளத்துக்கு ஒன்றாக 33 ஹாஷ் செட் வைத்துக்கொண்டு, /32-லிருந்து /0 வரை முகவரியை மாஸ்க் செய்து ஒவ்வொன்றிலும் கேட்பது. அதிகபட்சம் 33 கேள்வி. எழுதப் பத்து வரி.

ஒரு மொபைல் பயனரைத் தடுத்தால் நூறு பேர் புகார் செய்கிறார்கள்.

மொபைல் நெட்வொர்க்கில் ஐபிவி4 முகவரி ஒன்றைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். அதைத் தடுத்தால் எல்லோரையும் தடுத்ததாகும். ஐபிவி6-ல் நேர்மாறு: ஒரே ஆளிடம் குறைந்தது ஒரு /64 இருக்கும், முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கலாம். அங்கே ஒற்றை முகவரியைத் தடுப்பதில் பயனில்லை. /64-ஆகச் சுருக்கி எண்ணுங்கள். ஐபிவி4-ல் தடைக்குப் பதில் வேகக் கட்டுப்பாடு வையுங்கள், அதையும் சில நிமிடங்களுக்கு.

எதையெல்லாம் வைத்துச் சோதிப்பது?

10.20.32.0/20 உங்கள் ரேஞ்ச் என்றால் 10.20.31.255 வெளியே, 10.20.32.0 உள்ளே, 10.20.47.255 உள்ளே, 10.20.48.0 வெளியே. இந்த நான்கும் முதலில். அடுத்து 0.0.0.0/0-உம் ஒரு /32-உம். 127.255.255.255-லிருந்து 128.0.0.0-ஐத் தாண்டும் ஒரு ரேஞ்ச். 172.15.255.255-உம் 172.32.0.0-உம். 010.20.32.1, 10.20.32, 256.1.1.1, வெற்று ஸ்ட்ரிங், பின்னால் இடைவெளி ஒட்டிய முகவரி, போர்ட் எண்ணோடு வரும் 10.20.32.1:8080 ஆகிய எல்லாம் பிழை என்று திரும்ப வேண்டும். "வெளியே" என்று திரும்பினால் தடைப் பட்டியலில் அது அனுமதியாகிவிடும். ::எஃப்எஃப்எஃப்எஃப்:10.20.45.7 உள்ளே வர வேண்டும். எடுத்துக்காட்டுக்குப் பொது முகவரி தேவைப்பட்டால் யாருடையதையோ எடுத்துப் போடாதீர்கள், 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 மூன்றும் அதற்காகவே ஒதுக்கப்பட்டவை. என் பழைய பிழையின் நினைவாக என் சோதனைப் பட்டியலில் 103-ல் தொடங்கும் ஒன்றும் எப்போதும் இருக்கும்.